மேகத்தையும் அச்சிடுங்கள்!

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, முழுச் சந்திர கிரகணம் நடந்தது. மறுநாள் காலையில் என் செல்போனுக்கு வந்து சேர்ந்த கிரகணப் படங்களைப் பார்த்தபோது, அன்றிரவு நான் வேறு ஏதோ ஓர் உலகத்தில் இருந்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மீனாட்சியம்மன் கோவில் தெற்குக் கோபுரத்துக்குப் பின்னால், கோபுரத்தில் பாதி அகலத்துக்கு, குங்குமத்தைக் கரைத்துக் கொட்டியது போல் ஒரு சந்திரன்! மேகம் என்ற பேச்சே இல்லை. ஒரே படம் எட்டுப் பேரிடமிருந்து வந்தது. எட்டுப் பேரும், "நம்ம மதுரை!" என்று பெருமையோடு எழுதி அனுப்பியிருந்தார்கள்.

நானும் அன்று மதுரையில்தான் இருந்தேன். காளவாசலில், வீட்டு மொட்டை மாடியில், இரவு ஒன்பது மணியிலிருந்து விழித்துக்கொண்டு இருந்தேன். செங்கல்லும் சுண்ணாம்பும் சுடுகிற சூளையைக் காளவாய் என்பார்கள். அந்தப் பெயர்தான் எங்கள் பேட்டைக்கு. சூளை இருந்த இடத்தில் இன்று மேம்பாலம் நிற்கிறது. வெக்கை மட்டும் குறைந்தபாடில்லை. செப்டம்பர் மாதத்து மதுரை வானத்தை நம்பி எந்தக் காரியத்திலும் இறங்கக் கூடாது. பகலெல்லாம் வெயில் கொளுத்தும். மாலையில் மேகம் திரளும். பெய்தாலும் பெய்யும், ஏமாற்றினாலும் ஏமாற்றும்.

எனக்குத் துணை மாடி வீட்டுப் பையன். கல்லூரியில் படிக்கிறான். யாரிடமோ இரவல் வாங்கிய காமிராவும், ஒரு கால் கொஞ்சம் ஆடுகிற முக்காலியும் அவனுடைய ஆயுதங்கள். ஒன்பது மணி ஐம்பத்தேழு நிமிஷத்துக்குப் பூமியின் கருநிழல் சந்திரனைத் தொட வேண்டும். பதினோரு மணிக்கு முழுவதும் மூட வேண்டும். பன்னிரண்டு இருபத்திரண்டு வரை, அதாவது 82 நிமிஷம், மூடியே இருக்க வேண்டும். இவையெல்லாம் முன்கூட்டியே தெரிந்த கணக்கு. மேகம் எப்போது வரும் என்பதற்குத்தான் கணக்கு இல்லை.

சந்திர கிரகணத்தைப் படம் எடுப்பது வெறுமனே விசையை அழுத்துகிற வேலை என்று நினைத்திருந்தேன். அன்றுதான் தெரிந்தது. முழு நிலவு பிரகாசமானது. விநாடியில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு நேரம் காமிராவின் கண்ணைத் திறந்தால் போதும். நிழல் முழுவதும் மூடிய பிறகு அதே சந்திரனுடைய ஒளி பல்லாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று திறந்து வைக்க வேண்டும். அதற்கு மேலும் திறந்து வைத்தால் சந்திரன் காத்திருக்காது. இரண்டே நிமிஷத்தில் தன் அகலம் முழுவதையும் கடந்து நகர்ந்துவிடுகிறது அது. படம் கலங்கிப் போகும். இதற்கு நடுவில் மெல்லிய மேகம் ஒன்று குறுக்கே வந்தால் போட்ட கணக்கெல்லாம் தலைகீழ்.

பையன் ஒரு பள்ளிக்கூட நோட்டில் ஒவ்வொரு படத்துக்கும் நேரம் எழுதினான். எத்தனை விநாடி என்று எழுதினான். பக்கத்தில் 'மேகம்', 'பாதி மேகம்', 'ஒன்றும் தெரியவில்லை' என்றும் எழுதினான். மொத்தம் நூறு படத்துக்கு மேல் எடுத்தான். சந்திரன் தெரிந்தவை ஒன்பது. பத்து இருபத்தொன்பதுக்கு எடுத்த ஒரு படத்தில் மேகத்தின் கிழிசல் வழியாகப் பாதிச் சந்திரன். அதன் மேல் பூமியின் நிழல் விளிம்பு வில்லாக வளைந்து கிடந்தது. பதினொன்று ஐம்பதுக்கு எடுத்த மற்றொன்றில், அணையப் போகிற கரித்துண்டு சாம்பலுக்குள் கிடப்பது போல் மங்கலான ஒரு சிவப்பு.

மறுநாள் அவன் கோபுரப் படத்தைக் கொண்டு வந்து காட்டி என்னைக் கேட்டான்:

"மாமா, எல்லாரும் இப்படித்தான் ஒட்டுறாங்க. நானும் ஒண்ணு ஒட்டிரட்டா? போட்டிக்கு அனுப்பணும்."

அவன் ஒட்டவில்லை, உள்ளதை உள்ளபடியே அனுப்பினான். பரிசு ஓர் ஒட்டுப் படத்துக்குப் போயிற்று. போட்டி நடத்தியவர்களின் பெயர் நமக்கு வேண்டாம். அவர்களைப் போல் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த ஆயிரம் பேரோடும்தான் என் வழக்கு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. தெற்குக் கோபுரத்தின் உயரம் சுமார் 170 அடி. அன்று முழுக் கிரகணத்தின் நடுவில், பதினொன்று நாற்பதுக்கு, சந்திரன் மதுரையில் ஏறக்குறைய உச்சி வானத்தில் இருந்தது. தரையிலிருந்து எழுபது பாகைக்கு மேல். கழுத்து நோக அண்ணாந்து பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தச் சந்திரனைக் கோபுரத்தின் உச்சியோடு சேர்த்துப் பார்க்க வேண்டுமானால், கோபுரத்தின் அடியிலிருந்து அறுபது அடிக்குள் போய் நிற்க வேண்டும். அங்கே நின்றால் சந்திரன் எவ்வளவு பெரிதாகத் தெரியும்? ஒரு பொருள் தன் அகலத்தைப் போல் நூற்றுப்பத்து மடங்கு தூரத்தில் இருந்தால் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் நம் கண்ணுக்குச் சந்திரன். ஆகவே கோபுர உச்சியில் ஒன்றரை அடி அகலத்துக்குத் தெரியும். ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவே! கோபுரத்தில் பாதி அகலத்துக்குச் சந்திரன் நிற்கவே முடியாது.

கோபுரத்துக்குப் பின்னால் பெரிய சந்திரனை நேர்மையாகவே எடுக்க முடியாதா என்றால், முடியும். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் போய் நின்றுகொண்டு, நிலா உதிக்கிற வேளையில் நீண்ட லென்ஸால் எடுத்தால் அறுபது அடி அகலச் சந்திரன் கிடைக்கும். ஆனால் அன்று நிலா உதித்தது மாலை ஆறேகாலை ஒட்டி. அப்போது கிரகணமே கிடையாது. அது சாதாரணப் பௌர்ணமி நிலா. குங்குமச் சந்திரனுக்கு இன்னும் நாலே முக்கால் மணி நேரம் இருந்தது. எட்டுப் பேர் எனக்கு அனுப்பிய அந்தப் படம் எந்த இடத்திலும் எந்த நிமிஷத்திலும் நடக்காத ஒன்று.

"அழகுக்காகச் செய்ததை இப்படிப் போட்டு உடைக்க வேண்டுமா? யாருக்கு என்ன நஷ்டம்?" என்று என் நண்பர் ஒருவர் கேட்கிறார். நஷ்டம் உண்டு. வானத்தில் நடக்கிற விஷயங்களில் பெரும்பாலானவற்றை நாம் பெரியவர்கள் சொல்லித்தான் நம்புகிறோம். சந்திர கிரகணம் ஒன்றுதான் மொட்டை மாடியில் நிற்கிற எவனும் தானே பார்த்துச் சோதிக்கக் கூடிய அத்தாட்சி. நிழலின் விளிம்பு எப்போதும் வட்டமாக விழுகிறது; ஆகவே பூமி உருண்டை என்று அரிஸ்டாட்டில் வாதித்தார். சந்திரனை மறைப்பது பூமியின் நிழல்தான் என்று ஆரியபட்டர் எழுதி ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. பையனுடைய பத்து இருபத்தொன்பது மணிப் படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, அந்த வில்லை ஒரு காம்பஸால் முழு வட்டமாக வரைந்து பார்த்தோம். சந்திரனைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் வந்தது. அதாவது, பூமியின் நிழலை நாங்கள் காளவாசலில் உட்கார்ந்து அளந்துவிட்டோம்! அந்தக் குங்குமச் சந்திரனை வைத்துக்கொண்டு எதை அளப்பது?

இன்னும் கேளுங்கள். இப்போது சில செல்போன்கள் சந்திரனைக் கண்டால் தாங்களே கோடுகளையும் குழிகளையும் தெளிவாக்கித் தருகின்றன. 2023-இல் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய சந்திரன் படத்தைத் திரையில் காட்டி, இருட்டறையில் அதைச் செல்போனால் படம் எடுத்தார். திரையில் இல்லாத குழிகளெல்லாம் படத்தில் வந்து நின்றன! கண்ணுக்கு முன்னால் இருப்பதை எடுக்க வேண்டிய கருவி, இருக்க வேண்டியது இதுதான் என்று தானே தீர்மானித்துக்கொள்கிறது. மனிதன் ஒட்டினாலும் இயந்திரம் ஒட்டினாலும் ஒட்டு ஒட்டுத்தான்.

நண்பர் விடவில்லை. "காலமெல்லாம் நடக்காததை நடந்ததாக எழுதிப் பிழைக்கிற நாவலாசிரியர் இதைச் சொல்லலாமா?" என்று மடக்கினார். சொல்லலாம் ஐயா, நான்தான் சொல்ல வேண்டும். என் புத்தகத்தின் அட்டையில் 'நாவல்' என்று கொட்டை எழுத்தில் போட்டுத்தான் விற்கிறேன். அதை வாங்குகிறவர் யாரும் கதாநாயகியின் விலாசம் கேட்டு எழுதுவதில்லை. கோபுரப் படத்தின் கீழே 'கற்பனை' என்று ஒரு சொல் போட்டிருந்தால் நானே அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன். 'கிரகணம், மதுரை, செப்டம்பர் 7' என்றல்லவா போட்டார்கள்?

இந்த இடத்தில் புதுச்சேரிக்கு வந்த ஒரு பிரெஞ்சுக்காரரின் கதையைச் சொல்ல வேண்டும். லெ ஜாந்தி என்ற வான நூலறிஞர், சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே போவதைப் பார்க்க 1760-இல் புறப்பட்டார். 1761 ஜூன் 6-ஆம் தேதி அது நிகழ்ந்தபோது, புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்திருந்தபடியால், அவர் நடுக்கடலில் ஆடும் கப்பலில் இருந்தார். கண்டது எதற்கும் பயன்படவில்லை. அடுத்தது எட்டு ஆண்டு கழித்து. ஊர் திரும்பாமல் காத்திருந்தார். 1769-இல் புதுச்சேரியில் எல்லாம் தயார். முந்தைய நாட்களில் காலை வானம் தெளிவாகவே இருந்தது. ஜூன் 4-ஆம் தேதி காலையில் மட்டும் மேகம். சுக்கிரன் கடந்து போகும் வரை சூரியனே தெரியவில்லை. எல்லாம் முடிந்த பிறகு வெயில் அடித்தது!

அந்த மனிதர் என்ன செய்தார்? பேனாவைத் தொட மனமில்லாமல் இரண்டு வாரம் கிடந்தார். பிறகு, மேகம் மறைத்துவிட்டது என்றே எழுதினார். பார்த்ததாக நாலு எண்களை எழுதி வைத்திருந்தால் யார் கண்டது?

இதே லெ ஜாந்திதான் தமிழ்ச் சோதிடர் ஒருவர் சோழிகளை வைத்துக் கிரகணம் கணக்கிட்டதை எழுதியவர். 1765 ஆகஸ்டு 30-ஆம் தேதிச் சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் அந்தத் தமிழர் கணக்குக்கு 41 விநாடிதான் பிசகு. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைக்கோ 68 விநாடிப் பிசகு. இதை நாம் மேடைதோறும் சொல்லி மகிழ்கிறோம். நியாயந்தான். ஆனால் அந்த 41 விநாடியை நாம் எதனால் நம்புகிறோம்? மேகத்தை மேகம் என்று எழுதிய கை எழுதியது என்பதனால்தானே!

நம் பக்கத்து ஒட்டையும் சொல்லிவிடுகிறேன். 1825-இல் ஜான் வாரன் என்பவர் 'கால ஸங்கலித' என்ற நூலை வெளியிட்டார். அந்த ஆண்டு மே 31-ஆம் தேதி இரவுக் கிரகணத்தைப் புதுச்சேரிச் சோதிடர் ஒருவர் ஏடு பார்க்காமல், சோழி வைத்தே கணக்கிட்டார். தொடக்கம் நாலு நிமிஷமே பிசகிற்று. நடு 23 நிமிஷம். முடிவு 52 நிமிஷம். 41 விநாடியை முழக்கிவிட்டு 52 நிமிஷத்தை மறைக்கிற பேச்சும் கோபுரத்துக்குப் பின்னால் சந்திரனை ஒட்டுகிற வேலைதான். இரண்டையும் சேர்த்துச் சொன்னாலும் அந்தச் சோதிடருடைய ஞாபக சக்தியின் பெருமை ஒரு கடுகளவும் குறையாது.

ஆகவே பத்திரிகை நடத்துகிறவர்களுக்கும் போட்டி வைக்கிறவர்களுக்கும் என் விண்ணப்பம் இதுதான். படத்தின் கீழே இடமும் நேரமும் போடுங்கள். ஒட்டியிருந்தால் ஒட்டியது என்று போடுங்கள். வானம் மூடியிருந்தால் அந்த மூடிய வானத்தையும் அச்சிடுங்கள். நூறு படத்தில் தொண்ணூற்றொன்று கறுப்பாகப் போன இரவில் மிச்சம் ஒன்பது எப்படிக் கிடைத்தது என்று வாசகனுக்குத் தெரியட்டும்.

2028 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு மறுபடியும் ஒரு முழுச் சந்திர கிரகணம் நம் வானத்தில் வருகிறது. மார்கழி மாதம், மழை முழுக்க விட்டிருக்கும் என்று சொல்வதற்கில்லை. பையன் இப்போதே முக்காலியின் ஆடுகிற காலுக்கு ஆணி அடித்து வைத்திருக்கிறான். நோட்டில் இன்னும் பாதிப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அன்றைக்கும் அதில் 'மேகம்' என்று எழுத நேர்ந்தால் எழுதுவான்.