நேர்ஸ் கேட்கிற கேள்வியும் அப்பா சொல்லாத பதிலும்

சென்ற இதழில் ஜீ.பி.யிடம் பதிவது எப்படி என்று எழுதியிருந்தோம். முகவரிக்கு அத்தாட்சி இல்லை, விசா முடிவு வரவில்லை என்பதற்காக உங்களைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அதில் சொன்னதைப் படித்துவிட்டுச் சில குடும்பங்கள் போய்ப் பதிந்திருக்கின்றன. சந்தோசம். அந்தப் பதிவுப் படிவத்தில் ஒரு சின்னக் கேள்வி இருக்கும். நீங்கள் புகைப்பவரா, முன்பு புகைத்தவரா, ஒருபோதும் புகைக்காதவரா? இந்த மாதம் அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் கதைக்கப் போகிறோம்.

எங்கள் வீடுகளில் அந்தப் படிவத்தை நிரப்புவது யார்? ஆங்கிலம் தெரிந்த மகள் அல்லது மருமகள். அப்பா பக்கத்தில் கதிரையில் இருப்பார். "அப்பா, நீங்கள் சிகரெட் பத்தினனீங்களோ?" என்று எந்தப் பிள்ளை கேட்கும்? கேட்டாலும் எந்த அப்பா ஓம் என்பார்? மகள் தானாகவே 'ஒருபோதும் இல்லை' என்ற பெட்டிக்குள் புள்ளடி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள். பெரியவர்கள் வந்தால் சிகரெட்டை உள்ளங்கைக்குள் மறைக்கிற ஊர் எங்களுடையது. மாமனுக்கு முன்னால் பத்தாதவர், மகளுக்கு முன்னால் பத்தினேன் என்று சொல்லுவாரா? அந்த மரியாதையை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த நாட்டில் அந்தப் புள்ளடி பின்னுக்கு வந்து கழுத்தைப் பிடிக்கும்.

எப்படியென்று சொல்கிறோம். நுரையீரல் புற்றுநோயை, வருத்தம் வெளியே தெரியுமுன்னரே தேடிப் பிடிக்கிற திட்டம் ஒன்று இங்கிலாந்தில் நடக்கிறது. 2019 இல் சில இடங்களில் தொடங்கினார்கள். 2023 இல் நாடு முழுவதற்கும் என்று அரசாங்கம் அறிவித்தது. எல்லா ஊருக்கும் இன்னும் வந்து சேரவில்லை, 2030 க்குள் எல்லோரையும் அழைப்பது என்பது அவர்களுடைய கணக்கு. 55 வயது தொடக்கம் 74 வயது வரை, இப்போது புகைக்கிறவர்களுக்கும் எப்போதோ புகைத்து விட்டவர்களுக்கும் கடிதம் வரும். யார் புகைத்தவர் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஜீ.பி.யின் கொம்பியூட்டரைப் பார்த்துத்தான். அங்கே மகள் போட்ட புள்ளடி இருக்கிறது. அப்பாவுக்குக் கடிதம் வராது.

வராவிட்டால் என்ன என்று சிலர் கேட்பீர்கள். நுரையீரலுக்குள் வலியை உணர்த்தும் நரம்பு இல்லை. அதனால் உள்ளே ஒன்று வளர்ந்தாலும் ஆளுக்குத் தெரியாது. இருமலும் இளைப்பும் வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பலருக்குப் பிந்திவிடும். முதலாம் கட்டத்தில் கண்டுபிடித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து வருடத்துக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறார்கள். நாலாம் கட்டத்தில் கண்டுபிடித்தவர்களில் அப்படி இருப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான். அமெரிக்காவில் புகைத்தவர்கள் 53,000 பேருக்கு மேல் சேர்த்து, ஒரு பாதிக்குச் சாதாரண எக்ஸ்றேயும் மற்றப் பாதிக்குக் குறைந்த கதிர்வீச்சில் சீ.ரி. ஸ்கானும் எடுத்துப் பார்த்தார்கள். 2011 இல் முடிவு வந்தது. ஸ்கான் எடுத்த பக்கத்தில் இந்த நோயால் செத்தவர்கள் 20 வீதம் குறைவு. ஒல்லாந்திலும் பெல்ஜியத்திலும் செய்த ஆய்வு 2020 இல் வெளிவந்தது. அதுவும் ஸ்கானின் பக்கம்தான் பேசியது. ஆகவே இது யாரோ காசு பார்க்கிற வேலை அல்ல.

கடிதம் வந்தவுடன் ஸ்கான் இல்லை. முதலில் ஒரு நேர்ஸ், அநேகமாக ரெலிபோனில், கேள்வி கேட்பார். எத்தனை வயதில் தொடங்கினீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை, எப்போது விட்டீர்கள், குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா, அஸ்பெஸ்ரஸ் தூசிக்குள் வேலை செய்தீர்களா என்றெல்லாம் கேட்டு ஒரு கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கில் ஆபத்துக் கூட என்று வந்தவர்களுக்குத்தான் ஸ்கான். ஆக, கடிதம் வந்தாலும் பொய் சொன்னால் அதோடு முடிந்தது.

எங்களோடு இரவு வேலைக்கு வருகிற ஒரு அண்ணையின் தகப்பனாருக்கு 66 வயது. அவருக்குக் கடிதம் வந்தது. ரெலிபோன் வந்த அன்று மகன்தான் மொழிபெயர்த்தார். "எத்தனை பத்தினனீங்கள் எண்டு கேக்கிறா அப்பா." "சும்மா, எப்பவாவது ஒண்டு ரெண்டு." குசினிக்குள் நின்ற தாயாருக்குப் பொறுக்கவில்லை. "ஒண்டு ரெண்டோ? கலியாணம் கட்டின நாள் தொடக்கம் நான் சாம்பல் தட்டு கழுவிறன்!" மகன் கெட்டிக்காரன். அந்த அழைப்பை அதோடு நிறுத்தி, தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு இன்னொரு நேரம் தரும்படி கேட்டார். அந்த நாள் வந்தபோது தான் வெளியே போய்விட்டார். அறையைச் சாத்திக்கொண்டு அப்பா உண்மையைச் சொன்னார். முப்பது வருடம், நாளைக்கு ஒரு பைக்கற் கோல்ட் லீஃப். ஸ்கானுக்குக் கூப்பிட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. பிள்ளைகளை வைத்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். பத்து வயதுப் பிள்ளையை வைத்துப் புற்றுநோய் பற்றிக் கதைப்பது பிள்ளைக்கும் நல்லதல்ல.

இன்னொன்று. சிகரெட்தான் புகை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சுருட்டும் புகைதான், பீடியும் புகைதான். புகையிலைத் தோட்டமும் சுருட்டுக் கொட்டிலும் இருந்த ஊர்களில் இருந்து வந்தவர்கள் நாங்கள். பின்னேரம் திண்ணையில் இருந்து சுருட்டுப் பத்தின ஆச்சிமாரையும் கண்டிருக்கிறோம். பெண்கள் என்பதற்காக ஒளிக்க வேண்டாம். எல்லாவற்றையும் நேர்ஸிடம் சொல்லுங்கள், எதைக் கணக்கில் எடுப்பது என்று அவர் பார்த்துக்கொள்வார். விறகடுப்புக்கு முன்னால் நாற்பது வருடம் நின்ற அம்மாமாருக்கு, புகைக்காதவர் என்றால், இந்தக் கடிதம் வராது. அந்தப் புகையும் நுரையீரலைக் கெடுக்கும் என்பது தெரிந்த விசயம். எங்களுக்கு அது ஒரு குறையாகவே படுகிறது.

ஸ்கான் சில இடங்களில் ஆஸ்பத்திரியில், சில இடங்களில் சுப்பர்மார்க்கற் கார் தரிப்பிடத்தில் நிற்கிற பெரிய லொறிக்குள். 2016 இல் மன்செஸ்ரரில் கடைகளுக்குப் பக்கத்தில் இப்படி லொறியை நிறுத்திப் பார்த்தபோது, ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத ஆட்களும் வந்தார்கள். ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. படுத்து, கையை மேலே தூக்கி, சொல்லும்போது மூச்சைப் பிடிக்க வேண்டும். சில நிமிடத்தில் முடிந்துவிடும். இரவு வேலை முடிந்து வருகிற வழியிலேயே போகலாம்.

முடிவு தபாலில் வரும். இங்கேதான் எங்கள் சனம் பயந்துவிடுகிறது. நுரையீரலில் ஒரு சின்னக் கட்டி தெரிகிறது, மூன்று மாதத்தில் திரும்ப வாருங்கள் என்று எழுதியிருந்தால், வீட்டில் செத்தவீடு தொடங்கிவிடும். மேலே சொன்ன தகப்பனாருக்கும் அப்படித்தான் வந்தது. மூன்று மாதமும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று மகன் சொன்னார். இரண்டாம் ஸ்கானில் அது ஒரு மயிரளவும் வளரவில்லை. இளவயதில் வந்து மாறின கசத்தின் தழும்பு என்றார்கள். இப்படித் தெரிகிறவற்றில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. பழைய காய்ச்சல், கசம் எல்லாம் நுரையீரலில் அடையாளம் விட்டுப் போகும். கசம் எங்கள் நாட்டில் இருந்த நோய் என்பதால் எங்கள் ஆட்களுக்கு இது புதினமல்ல, வந்திருந்தால் அதையும் நேர்ஸிடம் சொல்லுங்கள். மூன்று மாதம் பொறுக்கச் சொல்வது கவனியாமல் அல்ல. வளர்கிறதா என்று அளந்து பார்க்கத்தான். வளர்ந்தால்தான் அடுத்த சோதனை. ஒன்றும் இல்லையென்றாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார்கள். போக வேண்டும்.

காசு பற்றிக் கேட்கிறவர்களுக்கு: இந்தச் சோதனைக்குக் கட்டணம் இல்லை. அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்களிடமும் அகதி விண்ணப்பம் முடிவாகாமல் இருப்பவர்களிடமும், நோய் கண்டுபிடித்தபின் செய்கிற ஆஸ்பத்திரி வைத்தியத்துக்கும் காசு கேட்கமாட்டார்கள். சிகரெட் பத்தினது உங்கள் வழக்கைப் பாதிக்குமோ என்று ஒருவர் எங்களிடம் இரகசியமாகக் கேட்டார். பாதிக்காது. நேர்ஸுக்குத் தேவை உங்கள் நுரையீரல் மட்டும்தான்.

எங்களைப் போல முப்பது, நாற்பது வயதில் பக்ரறி வாசலில் மழைக்குள் நின்று பத்துகிறவர்களுக்குக் கடிதம் வராது. ஸ்கான் என்பது விடாமல் பத்துவதற்கு அனுமதிச் சீட்டும் அல்ல. விட்டுப் பத்து வருடம் போனால், விடாதவரைவிட இந்த நோய் வருகிற ஆபத்து ஏறத்தாழப் பாதியாகிவிடும். விடுவதற்கு ஜீ.பி.யிடமோ மருந்துக்கடையிலோ உதவி கேட்கலாம். எந்த வயதினராக இருந்தாலும் மூன்று கிழமைக்கு மேல் இருமல், சளியோடு இரத்தம், காரணமில்லாமல் மெலிவு, இளைப்பு என்று கண்டால் கடிதத்தைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். நேரே ஜீ.பி.யிடம் போங்கள். புகைக்காதவர்களும்தான்.

பதிவில் பிழையாகப் புள்ளடி போட்டவர்கள் வரவேற்பு மேசையில் "என் புகைத்தல் பதிவை மாற்ற வேண்டும்" என்று சொன்னால் போதும், காரணம் கேட்கமாட்டார்கள். அப்பாமார் தனியாகப் போய்ச் சொல்லலாம். இந்தப் பக்கத்தை மேசையில் திறந்தபடி வைத்துவிட்டுப் பிள்ளைகள் வேலைக்குப் போனாலும் சரி.

அடுத்த இதழில் மருந்துச்சீட்டுக் காசு கட்டாமல் இருப்பதற்கான எச்.சீ.1 படிவத்தை எப்படி நிரப்புவது என்று எழுதுவோம்.