கருகிய வேம்பும் கசியும் தென்னையும்

சேக்கிழார் பிறந்த ஊராகிய குன்றத்தூரில், எம் வீட்டுக் கொல்லையில் முதியதொரு வேம்பு நிற்கின்றது. சென்ற ஐப்பசி அடைமழையில் அதன் கொழுந்துகள் நுனிதொட்டுக் கருகத் தொடங்கின. கார்த்திகை கழியுமுன் மரமுழுதும் தீயிற் பொசுங்கினாற்போற் காட்சியளித்தது. பட்ட மரத்தை வெட்டிவிடுமாறு அண்டை வீட்டார் அறிவுரை கூறினர். ஒரகடத்துத் தொழிற்சாலைகளின் வரவால் மனைநிலம் பொன்னாகிவிட்ட இந்நாளில், வெட்டுதற்கொரு காரணம் வாய்ப்பின் அதனை விடுவார் யார்? எம் பாட்டியார் ஒருவரே, "பங்குனி வரட்டும்" என்று தடுத்தார். பங்குனியில் மரம் தளிர்த்தது.

தமிழ் பயில்வார்க்கு மரநோயில் என்ன வேலை என்று நகுவார் நகுக. தெரியாமையால் வீழும் வேம்புகள் பல ஆதலின், யாம் கற்றறிந்ததைக் கூறத் துணிகின்றோம்.

இந்நுனிக்கருகலை விளைப்பது போமாப்சிஸ் அசாடிராக்டே என்னும் பூஞ்சை. மைசூர் ஆராய்ச்சியாளர் 1997ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டனர். 2021இல் தெலுங்கானாவில் எண்ணிறந்த வேம்புகள் இதனால் வாடின. இது மழைத்துளியாற் பரவும், விதையிலும் தங்கும். தேயிலைக் கொசு என்னும் பூச்சியும் இளந்தண்டின் சாற்றை உறிஞ்சி இதே தோற்றத்தை உண்டாக்கும். அது குத்திய இடத்திற் பிசின் கசியும். இரண்டும் தாக்குவன பெரும்பாலும் இளங்கிளைகளையே. பட்டையை நகத்தாற் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தோன்றின் மரம் உயிரோடுளது. காய்ந்த கிளைகளைச் சற்றே பச்சைப் பகுதியும் சேரத் தறித்து எரித்துவிட்டுக் காத்திருத்தலே தக்கது. மருந்து தெளித்தலும் உண்டு. இளமரத்துக்கு அஃது ஏற்கும். நெடுமரத்தின் உச்சிக்கு, அடுத்த வீட்டுக் கிணற்றில் விழாமல் தெளிப்பது எங்ஙனம் என்பது எமக்கு விளங்கவில்லை.

தென்னையின் கதையோ வேறு. அடிமரத்து வெடிப்புகளிற் செம்பழுப்புச் சாறு கசிந்து மேலேறுமாயின், கானோடெர்மா என்னும் பூஞ்சை வேரை அழுகச் செய்கின்றது என்றறிக. 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சை மாவட்டத்திற் பரவக் கண்டமையால், இதற்குத் தஞ்சாவூர் வாடல் என்று பெயர். இது மண்வழியும் வேர்வழியும் பரவுவது. நோய் முற்றிய மரத்தை வேர்க்கட்டையோடு அகற்றாது இரங்குவார் அயல்மரங்களையும் இழப்பர். நம்மவர் செய்வது இதற்கு நேர்மாறு: இன்னும் காய்க்கின்றதென்று தென்னையை விடுவர், இலை கருகியதென்று வேம்பை வீழ்த்துவர். எஞ்சிய தென்னைகளைக் காக்க, மரமொன்றுக்கு ஆண்டுதோறும் 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடச் சொல்கின்றனர் வேளாண் அறிஞர்.