காயம் ஆறியவனின் பாட்டு



காதல் பாட்டுகளைப் பற்றி எப்போது எழுதினாலும் உங்கள் கடிதங்களில் சோகப் பாட்டுகளே முந்திக்கொள்கின்றன. தப்பில்லை. 1953-இல் ‘தேவதாஸ்’ போட்டுக்கொடுத்த பாதையில் நம் சினிமா தாடியும் பாட்டிலுமாக வெகுதூரம் நடந்துவிட்டது. ஒருமுறை அடிபட்ட மனம் மறுபடி சிரிப்பதைச் சொல்லும் பாட்டுகள்தான் நம்மிடம் குறைவு. அதை எழுதுவதும் சுலபமில்லை. அழுகிறவனை யாரும் சந்தேகப்படுவதில்லை; சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொல்கிறவன்தான் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

அதை நிரூபித்துக்காட்டிய ஓர் ஆங்கிலப் பாட்டு ‘ஐ’ம் எ பிலீவர்’. ‘ஷ்ரெக்’ பார்த்த வீடுகளில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். 2001-இல் வந்த அந்தப் படத்தின் முடிவில், சதுப்பு நிலத்துக் கல்யாணக் கொண்டாட்டத்தில், கழுதையும் சேர்ந்து பாடி ஆட்டம் போடுமே, அதே பாட்டு. அங்கே பாடியது ஸ்மாஷ் மவுத் குழு. ஆனால் பாட்டு பிறந்தது 1966-இல்.

எழுதியவர் நீல் டயமண்ட். அப்போது அவருக்கு வயது 25. முதலில் வெளியிட்டது மங்கீஸ். அது தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காகத் தேர்வு நடத்திச் சேர்த்த நால்வர் குழு. இந்த இசைத்தட்டில் அவர்களுடையது குரல் மட்டும்தான். வாத்தியம் வாசித்தவர்கள் ஸ்டுடியோ கலைஞர்கள். முன்னணிக் குரல் மிக்கி டோலன்ஸுடையது. ‘ரெடிமேட் குழு’ என்று விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். பாட்டோ அந்த ஆண்டின் கடைசி நாளில் அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலின் உச்சிக்குப் போய், 7 வாரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தது.

கேட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் காதலியே இல்லை. காதலெல்லாம் கதைப் புத்தகத்துச் சமாசாரம், பிறத்தியாருக்கு வாய்ப்பது, நமக்கில்லை என்ற அலுப்புதான் இருக்கிறது. பிறகு அவள் முகம் கண்ணில் படுகிறது, ஆள் மாறிவிடுகிறான். ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. இன்னொன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: பல்லவியில் அத்தனை குதூகலித்தவன், அடுத்த சரணத்தில் பழைய கணக்கைத் திரும்ப எடுக்கிறான். கொடுத்தது அதிகம், வந்தது குறைவு என்று முணுமுணுக்கிறான். நிஜத்திலும் மனம் அப்படித்தானே ஆறுகிறது? ஆனால் மெட்டு மட்டும் அந்த முணுமுணுப்புக்குத் துணை போவதில்லை, துள்ளிக்கொண்டே இருக்கிறது. வருத்தம் பழையது என்பது வரிகள் சொல்வதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

இதே பாட்டை 1974-இல் ராபர்ட் வயாட் பாடினார். இங்கிலாந்தின் சாஃப்ட் மெஷின் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். முந்தைய ஆண்டு ஜூனில், லண்டனில் ஒரு விருந்தின்போது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். டிரம்ஸ்காரருக்குக் கால் போனால் பாதித் தொழில் போயிற்று; பெரிய டிரம் கால்மிதியில்தான் இருக்கிறது. அவர் இனிக் குரலையே நம்பினார். 1974 ஜூலையில் ஓவியர் ஆல்ஃப்ரெடா பெஞ்சை மணந்தார். சில வாரங்களில் இந்தப் பாட்டு வெளிவந்தது. தயாரித்தவர் பிங்க் ஃபிளாய்டின் நிக் மேசன், டிரம்ஸும் அவரே. பிரிட்டிஷ் பட்டியலில் 29-ஆம் இடம் வரை ஏறியது.

பி.பி.சி.யின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தது. போனால், சக்கர நாற்காலி குடும்பத்தோடு பார்க்கும் நிகழ்ச்சிக்குப் பொருந்தாது, வேறு நாற்காலியில் உட்காருங்கள் என்றார் தயாரிப்பாளர். வயாட் சண்டை போட்டார். சக்கர நாற்காலியில் இருந்தபடியேதான் பாடினார்.

அவர் குரல் மெலிந்தது, உயரத்தில் போவது, எந்த நேரமும் உடைந்துவிடும் போலிருப்பது. டோலன்ஸ் பாடும்போது அந்த முதல் வரிகளின் கசப்பு ஓர் இளைஞனின் செல்லச் சிணுங்கலாகக் கேட்கிறது. வயாட் பாடும்போது அது கசப்பாகவே கேட்கிறது. அதனாலேயே பல்லவியின் மகிழ்ச்சிக்கு எடை கூடுகிறது. பட்டியல் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், என் ஓட்டு 29-ஆம் இடத்துக்குத்தான்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், வயாட்டைப் பிறகு. தமிழில் இதுபோல, அடிபட்டுத் தேறிய மனம் பாடுகிற பாட்டு எது என்று உங்களுக்குத் தோன்றினால், அதைக் கேட்ட சூழலோடு எழுதி அனுப்புங்கள். தேவதாஸுக்கு இந்த முறை மட்டும் விடுமுறை.

அன்புடன்,
ஆசிரியர்