'றெடி' என்னும் ஒரு சொல்லும் நாம் தொலைக்கும் பல சொற்களும்

ஆங்கிலத்திலிருந்து வந்து எம் நாவில் குடியேறிய சொற்களுள் 'றெடி' என்பதற்கு நிகரான செல்வாக்கு வேறெதற்கும் உண்டா என்பது ஐயமே. தமிழகத்தார் அதை 'ரெடி' என்று எழுதுவர். சாப்பாடு றெடி, வாகனம் றெடி, பிள்ளை றெடி, காசு றெடி. அமைச்சரின் தீர்வுத் திட்டமும் றெடி. சொல் ஒன்றுதான். ஆனால் இந்த ஐந்து இடங்களிலும் அது குறிப்பது ஒரே பொருளையா?

சாப்பாடு றெடி என்றால் சமைத்து முடிந்தது. வாகனம் றெடி என்றால் திருத்தி முடிந்தது, அல்லது வாசலில் வந்து நிற்கிறது. பிள்ளை றெடி என்றால் உடுத்திக்கொண்டு புறப்பட நிற்கிறது. காசு றெடி என்றால் கையில் இருக்கிறது. தீர்வுத் திட்டம் றெடி என்றால்? அதற்குப் பொருள் தேடித்தான் நாம் பல பத்தாண்டுகளாகக் காத்திருக்கிறோம்.

'றெடி' பிறமொழிச் சொல் என்பதற்காக நான் அதன்மேல் வழக்குத் தொடுக்கவில்லை. அப்படியானால் 'ஆயத்தம்' வடமொழி வழி வந்தது. 'தயார்' அரபு, பாரசீக, உருது வழியாக வந்தது. பறப்பதற்கு முனைந்து நிற்கும் வேட்டைப் பறவையைக் குறித்த சொல்லே பின்னர் 'தயார்' ஆயிற்று என்று அகராதிக்காரர் காட்டுவர். பிறப்பிடம் குற்றமன்று. வந்த சொல் இருந்த சொற்களை விரட்டுவதும், அவற்றோடு பொருள் வேறுபாடுகளைத் துடைத்தெறிவதுமே குற்றம். செய்து முடிந்தது, செய்துகொண்டிருக்கிறோம், செய்ய மறுப்பில்லை ஆகிய மூன்றும் வெவ்வேறு நிலைகள். மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கும்போது, மூன்றாம் நிலையில் நிற்பவன் முதலாம் நிலைக்குரிய பாராட்டைப் பெற்றுக்கொள்கிறான்.

ஆங்கிலேயர் இந்தச் சொல்லை இப்படியா ஆள்கின்றனர்? 'றெடி மணி' என்று அவர்கள் சொல்வது நமது ரொக்கம். 'றெடி விற்' என்பது சமயோசித புத்தி. இவற்றோடு விருப்பத்தைச் சொல்ல 'வில்லிங்', முன்கூட்டிய பயிற்சியையும் ஏற்பாட்டையும் சொல்ல 'பிறிப்பேர்ட்', பழத்தின் பருவத்தைச் சொல்ல 'றைப்' என்று தனித்தனிச் சொற்களையும் அவர்கள் வைத்திருக்கின்றனர். பேடன் பவல் சாரணருக்கு 1908ஆம் ஆண்டு நூலில் தந்த மகுட வாசகத்தை எண்ணிப் பாருங்கள். அது 'பி பிறிப்பேர்ட்' என்பது. 'பி றெடி' என்பதன்று. நேரக்கூடிய விபத்தை முன்கூட்டியே சிந்தித்து, உள்ளத்தையும் உடலையும் பழக்கி வைத்திருக்க வேண்டும் என்பதே அவர் தந்த விளக்கம். விபத்து நடந்தபின் ஓடிவர நிற்பது மட்டும் அவர் கருத்தன்று. அவர்களுடைய களஞ்சியத்திலிருந்து நாம் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டோம். எங்கள் களஞ்சியத்தைப் பூட்டிவிட்டோம்.

எங்கள் களஞ்சியத்தில் என்ன குறை? யாழ்ப்பாணத்து வீட்டில் "வெளிக்கிட்டாச்சோ?" என்று கேட்டால், உடுத்தல், தலை வாருதல், புறப்பட நிற்றல் எல்லாம் அந்த ஒரு வினாவுக்குள் அடங்கும். அடுப்படியில் "அவிஞ்சிட்டுது", "வடிச்சாச்சு", "இறக்கியாச்சு" என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சொல். பாகுக்குப் பதம். வயலில் நிலம் பதப்படும், கதிர் முற்றும், மாங்காய் பழுக்கும். கலியாண வீட்டுக்கு அடுக்குப் பண்ணுவார்கள். ஒப்புதலுக்குச் சம்மதம், இசைவு. நிகழ இருப்பதற்குத் தறுவாய். இந்தச் சொற்கள் அலங்காரத்துக்காகப் பிறந்தவை அல்ல. வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அறிய வேண்டியிருந்த மக்கள் ஆக்கிக்கொண்ட கருவிகள் இவை. 'கதிர் முற்றிவிட்டது' என்பதற்கும் 'வயல் றெடி' என்பதற்கும் உள்ள தூரத்தை அரிவாள் பிடித்தவரிடம் கேட்டுப் பாருங்கள்.

வீட்டுப் பேச்சோடு இது நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். பத்திரிகைத் தலைப்பில் 'றெடி' என்று அச்சிடக் கூச்சப்படுகிறோம். ஆகவே 'தயார்' என்று வேட்டி கட்டி அனுப்புகிறோம். உள்ளே இருப்பது அதே 'றெடி'தான். "பேச்சுக்கு அரசு தயார்" என்ற தலைப்பை ஈழத்தமிழ் வாசகர் எத்தனை முறை படித்திருப்பார்! 1985இல் திம்புவில் பேசினார்கள். 2002 செப்டெம்பர் தொடங்கி 2003 மார்ச் வரை ஆறு சுற்றுகள் பேசினார்கள். 2006இல் ஜெனீவாவுக்கு இரு முறை போனார்கள். ஒவ்வொரு பேச்சுக்கு முன்னும், முறிந்த பின்னும், எல்லாத் தரப்பும் 'தயார்' என்றே சொல்லின. அந்தச் சொல்லுக்குள் இருந்தது என்ன? எழுதிய வரைவா? நாடாளுமன்றில் போதிய வாக்குகளா? தன் மக்களிடம் அதை விளக்கும் துணிவா? பெரும்பாலும் 'வர மறுப்பில்லை' என்பது மட்டுமே. தலைப்பு அப்படியே சொல்லியிருக்கலாம். வாசகரோ, ஏற்பாடு முடிந்துவிட்டது என்று எண்ணி நம்பிக்கை வைத்தார்.

வட மாகாண சபையைப் பாருங்கள். 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. 2025 முடிந்தபோதும் அடுத்த தேர்தல் நடந்திருக்கவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் தேர்தலுக்குத் தயார் என்ற அறிவிப்புகளுக்குப் பஞ்சமிருக்கவில்லை. எல்லை நிர்ணயமும் தேர்தல் முறையும் பற்றிய சட்டச் சிக்கல் மட்டும் தீரவில்லை. சட்டம் இல்லாத தேர்தலுக்கு ஒருவர் எப்படித் தயாராக இருக்க முடியும்?

இனி, உயிர் போகும் இடத்துக்கு வருவோம். 2004 டிசெம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலான பின்னரே இலங்கையின் கிழக்குக் கரையை அலை அடைந்தது. எச்சரிக்க நேரம் இருந்தது. எச்சரிக்கும் ஏற்பாடு இருக்கவில்லை. இத்தீவில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அதற்கென ஒரு நிலையமும் வந்தது. ஆயினும் 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. பாதுகாப்பான காணியும் வீடும் இல்லாத குடும்பம் எங்கே போகும்? 2025 நவம்பரில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது; மலையகம் மீண்டும் மண்ணுள் புதைந்தது. எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடும் அப்போது எழுந்தது.

இத்தகைய நாட்களில் "முப்படையினரும் தயார் நிலையில்" என்பதே நிலையான செய்தி. அது பொய்யன்று. மீட்கப் படகோடும் மண்வெட்டியோடும் நிற்பது தயார்நிலை, அதுவும் வேண்டும். மலை சரியுமுன் குடும்பத்தை வேறிடத்தில் குடியமர்த்துவது முன்னாயத்தம். அதற்குக் காணி வேண்டும், பணம் வேண்டும், ஆண்டுக்கணக்கில் உழைப்பு வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடும் செய்தி, செய்யாத வேலையைச் செய்த வேலையின் கணக்கில் சேர்த்து எழுதுகிறது.

தலைப்புக்கு இடம் சிறிது, 'தயார்' மூன்றெழுத்து என்று ஆசிரிய பீடத்தார் சொல்வர். 'இசைவு' என்பதும் மூன்றெழுத்துத்தான். மொழி மாறும், தடுக்காதீர் என்று வேறு சிலர் சொல்வர். மாறட்டும், வீட்டில் 'றெடி' என்று தாராளமாகச் சொல்லுங்கள். அங்கே பொய் நிற்காது. பானையைத் திறந்தால் தெரிந்துவிடும். அரசின் பானையைத் திறந்து பார்க்க மக்களுக்கு இருப்பது செய்தி ஒன்றே.

ஆகவே செய்தி எழுதும் இளையோரிடம் ஒன்று கேட்கிறேன். எவரேனும் தயார் என்றால் எதற்கு, எதைக்கொண்டு, எந்நாளில் என்ற மூன்று வினாக்களையும் கேளுங்கள். விடை கிடைத்தால் அந்த விடையையே தலைப்பாக்குங்கள். கிடைக்காவிட்டால் 'தயார் என்கிறார். ஏற்பாடு எதுவும் காட்டவில்லை' என்று எழுதுங்கள். மீரியபெத்தை மக்களுக்கு அந்த இரண்டாம் வாக்கியம் 2005இலேயே தேவைப்பட்டது.