செல்லைக் கழற்றி வையுங்கள்



பழைய விளையாட்டுக் கருவிகளைத் தூசி தட்டி இன்னும் ஓடவைத்துக்கொண்டிருப்பவர்கள் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அவர்களில் பலர் கையில் இருப்பது, 1989 ஏப்ரலில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நின்டெண்டோவின் கேம் பாய்.

வந்த புதிதில் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியவர்கள் உண்டு. பச்சை பாய்ந்த திரை, அதில் நான்கே சாயல்கள். திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தால்தான் ஆட்டம். அடுத்த ஆண்டே சேகா நிறுவனம் வண்ணத்திரையோடு கேம் கியரை இறக்கியது. பார்க்க ஜோர்தான். ஆனால் ஆறு பென்டார்ச் செல்களைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். கேம் பாய்க்கு நான்கு போதும், பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். அதன் பின்னணியில் இருந்த குன்பெய் யோகோய், புத்தம்புதிய நுட்பத்தைத் துரத்தாதவர். எல்லோருக்கும் பழகி, விலையும் இறங்கிவிட்ட நுட்பத்தைப் புதிய வேலைக்குத் திருப்புவதே அவர் வழி. கஞ்சத்தனம் என்றுகூட அன்று தோன்றியிருக்கும். இன்று கெபாசிட்டர் மாற்றாத கேம் கியர் ஒழுங்காக ஓடினால் அதிசயம்.

வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் சிக்கி, மேலோடு கருகி உருகிப்போன ஒரு கேம் பாய், நியூயார்க்கில் உள்ள நின்டெண்டோ கடையில் நெடுங்காலம் காட்சிக்கு இருந்தது. அந்தக் கோலத்திலும் அதில் டெட்ரிஸ் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்காக அதற்கு நோயே வராது என்றில்லை. வயதானால் திரையில் நெட்டுக்குத்தாகக் கோடுகள் காணாமல் போகும். திரையின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டை பிடிவிடுவதுதான் காரணம். ஓட்டைத் திறந்து, அந்தப் பட்டையின் மேல் சால்டரிங் அயர்னைப் பதமான சூட்டில் மெல்ல இழுத்தால், போன கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். கேட்ரிட்ஜ் வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதும் பழக்கம் உலகப் பொது. வேண்டாம், மூச்சிலுள்ள ஈரம் செம்புத் தடங்களை அரிக்கும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும்.

கருவி பிழைத்தாலும் அதற்குள் சேர்த்துவைத்தது பிழைக்க வேண்டுமே. போகிமான் போன்ற ஆட்டங்களின் கேட்ரிட்ஜுக்குள் ஒரு பட்டன் செல்லைப் பற்றவைத்திருப்பார்கள். ஆடியவரின் சேமிப்பு அந்தச் செல்லின் தயவில்தான் உயிரோடிருக்கும். 1999-இல் வந்த கோல்டு, சில்வர் பதிப்புகளில் கடிகாரமும் உள்ளே ஓடுவதால் செல் இன்னும் சீக்கிரம் தீரும். புதுச் செல் போடலாம். ஆனால் பழையதைக் கழற்றும்போதே சேமிப்பு அழிந்துவிடும். பன்னிரண்டு வயதில் பிடித்து வளர்த்த பிராணிகளை நாற்பது வயதில் தேடினால் இருக்காது.

அதுகூடப் பரவாயில்லை, செல் மாற்றுவது நம் கையில் இருக்கிறது. அதே நின்டெண்டோவின் 3டிஎஸ் கருவிக்கான இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடிவிட்டார்கள். அங்கே மட்டுமே விற்ற ஆட்டங்களைக் காசு கொடுத்தாலும் இனி அங்கு வாங்க வழியில்லை. அதற்கு எந்த மெக்கானிக்கிடம் போவது?

நம்மில் பலருக்கு கேம் பாய் எட்டாத பொருளாகத்தான் இருந்தது. பொருட்காட்சியில் வாங்கித் தந்த ‘பிரிக் கேம்’தான் நமக்கு வாய்த்தது. ஆயிரக்கணக்கில் ஆட்டம் இருப்பதாக அட்டையில் போட்டிருக்கும், பிரித்துப் பார்த்தால் அதே சில ஆட்டங்கள்தான் வேகம் மாறி வரும்! பரணில் அப்படி ஏதாவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள், இப்போதும் ஓடுகிறதா என்று எங்களுக்கு எழுதுங்கள். செல் கசிந்து வெள்ளைப் பூ பூத்திருந்தால் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகு புதுச் செல் போடுங்கள். ஆடி முடித்து மறுபடி பரணில் ஏற்றுவதாக இருந்தால், செல்லைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்