பாகும் ஆறணும், மனசும் ஆறணும்!



டிசம்பர் பிறந்தால் எங்கள் வீட்டில் 'பை' பேச்சு வந்துவிடும். "எந்தப் பை? மார்க்கெட்டுக்குக் கொண்டு போகிற பையா?" என்று கேட்டுவிடாதீர்கள். நானும் அப்படி விழித்தவள்தான். 2003-ல் கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு என் மாமியார், "உள்ளேயிருந்து பையை எடுத்துட்டு வா, கண்ணு" என்றதும், ஆணியில் தொங்கிய மஞ்சள் துணிப்பையை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்! வீடே சிரித்தது.

அவர் கேட்டது சாக்லேட் பை. மைதா மாவில் கிண்ணம் மாதிரி ஓர் ஓடு செய்து, அதற்குள் கோகோ, வெல்லப்பாகு, முட்டை, முந்திரி எல்லாம் கலந்த கலவையை ஊற்றி ஓவனில் வேகவைத்து எடுப்பது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே அல்வா பதம். ஒரு துண்டு தின்றவர்கள் தட்டைக் கீழே வைக்க மாட்டார்கள்.

கோடைக்கானல் வீட்டுக்கு இந்தப் பண்டம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். மதுரைப் பக்கம் ஊழியம் செய்ய வந்த அமெரிக்க மிஷனரிமார், வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் 1845-லேயே கோடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டவர்கள். 1901-ல் அவர்கள் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடமும் வந்தது. அப்படி ஒரு மிஸ்ஸியம்மா வீட்டுக் குசினியில் என் கணவரின் தாத்தா சமையல்காரராக இருந்தார். அவர்கள் ஊரில் இதற்கு பீக்கன் என்ற பருப்பும் மக்காச்சோளப் பாகும் போடுவார்களாம். மலையில் அதெல்லாம் ஏது? தாத்தா முந்திரியைப் போட்டார். பாகுக்குப் பழனி பக்கத்து நெய்க்காரப்பட்டி வெல்லத்தைக் காய்ச்சினார். கை இறுக்கமான வருஷங்களில் வறுத்த வேர்க்கடலை. மிஸ்ஸியம்மா இதையே நன்றாக இருக்கிறதென்று சொல்ல, அதுவே எங்கள் குடும்பப் பக்குவமாகிவிட்டது. தாத்தாவிடமிருந்து என் மாமியார் கற்றார். அவரிடமிருந்து என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி கற்றார்.

நான் கற்கவில்லை. திண்டுக்கல்காரி என்பதால் பண்டிகைக்குப் பிரியாணிப் பக்கம் என்னைத் தள்ளிவிடுவார்கள். இடுப்பில் குழந்தை வேறு. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றே பதின்மூன்று வருஷம் ஓடிவிட்டது.

2016-ல் மாமியார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். காரியங்கள் முடிந்த கையோடு கோடைக்கானல் வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. அண்ணன் தம்பிக்குள் வார்த்தை தடித்தது. (எந்த வீட்டில்தான் இல்லை, சொல்லுங்கள்?) அந்தக் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் மலையேறவில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்குப் பை வேண்டும். வெட்கத்தை விட்டு ஓரகத்திக்குப் போன் செய்து கேட்டேன். கோடு போட்ட தாளில் அழகாக எழுதித் தபாலில் அனுப்பிவிட்டார்.

எழுதியபடியே செய்தேன். மாவு உருட்ட வரவில்லை. வெண்ணெய் கசிந்து பிசுபிசுவென்று கையெல்லாம் ஒட்டியது. வெந்தபோது ஓடு சுருங்கி, வறட்டி மாதிரி கெட்டியாகிவிட்டது. உள்ளே கலவையில் முட்டைப் பொரியல் போலத் துணுக்குத் துணுக்காக மிதந்தது. என் மகன் ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா, இது பை இல்லை, மூட்டை!" என்றான்.

ஒரு வருஷமா, இரண்டு வருஷமா? 2016 தொடங்கி 2021 வரை ஆறு கிறிஸ்துமஸ். ஆறும் மூட்டைதான்!

இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மூன்றாம் வருஷமே நான் முடிவு கட்டிவிட்டேன், ஓரகத்தி வேண்டுமென்றே ஏதோ ஒரு வரியை விட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறார் என்று. "வீட்டையும் வெச்சுக்கிட்டாங்க, பக்குவத்தையும் வெச்சுக்கிட்டாங்க" என்று என் கணவரிடம் புலம்பினேன். அதோடு விட்டேனா? பக்கத்து வீட்டிலும் சொன்னேன்.

2022-ல் என் மகளுக்குப் பதினாறு வயது. என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அலுத்தவள், எனக்குத் தெரியாமல் தன் பெரியம்மாவுக்குப் போன் செய்துவிட்டாள். "பெரியம்மா, எங்க வீட்டுப் பை மட்டும் ஏன் சரியா வர மாட்டேங்குது?" அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு பதில். "எழுதினா வராது, பாப்பா. உங்கம்மாவைக் கூட்டிட்டு வா. பக்கத்துல நின்னு பாருங்க."

நான் முரண்டு பிடித்தேன். கணவர் பஸ் டிக்கெட்டுக்குப் பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது வயிற்றைப் புரட்டியது வளைவுகளாலா, பயத்தாலா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை காப்பி குடித்த கையோடு ஓரகத்தி வேலையைத் தொடங்கினார். வெல்லத்தைக் காய்ச்சி வடிகட்டி, கோகோவைச் சலித்துக் கலக்கி ஜன்னல் ஓரம் வைத்தார். வெண்ணெயை மாவில் உதிர்த்துப் பிசைந்து, ஈரத்துணி சுற்றி மூடினார். அவ்வளவுதான். துணி துவைக்கப் போய்விட்டார். சமையல், சாப்பாடு, கடைத்தெரு என்று பொழுது போனது. சாயங்காலம் நாலு மணிக்குத்தான் மாவை எடுத்து உருட்டினார். துளி ஒட்டவில்லை! பாகு சில்லென்று ஆறியிருந்தது. அதில் முட்டையை ஊற்றியதும் பட்டு மாதிரி கலந்தது.

"ஏங்க்கா, பாகை ஆற வைக்கணும், மாவை ஊற வைக்கணும்னு எழுதவே இல்லையே?" என்று கேட்டேன்.

அவர் உண்மையாகவே திகைத்துப் போனார். "அதை என்ன எழுதறது? காலையில வெச்சா சாயங்காலம் ஆறித்தானே இருக்கும்? அத்தை அப்படித்தான் செய்வாங்க, நானும் அப்படியே செய்யறேன்."

எனக்குச் சாட்டையால் அடித்த மாதிரி இருந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. அவருக்கு அது பக்குவத்தில் ஒரு படி என்றே தெரியாது. வீட்டு வேலைகளுக்கு நடுவே தானாக நடக்கிற ஒன்று. இன்னொன்றும் அந்தத் தாளில் எழுதாமல் விட்டுப்போயிருந்தது. கோடைக்கானல் குளிர்! ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், டிசம்பர் மாதத்தில் வெண்ணெய் கல் மாதிரி இருக்கும். திண்டுக்கல்லில் என் அடுப்படியிலோ தொட்டாலே இளகிவிடும். நான் சூடான பாகில் முட்டையை ஊற்றினேன், இளகின வெண்ணெயில் மாவு பிசைந்தேன். பழியை அவர்மேல் போட்டேன்.

"ஆறு வருஷமா உங்களைத் தப்பா நினைச்சிட்டேன், அக்கா" என்று சொல்லும்போது தொண்டை அடைத்தது. அவர் ஓவன் கதவை மூடிவிட்டு, "நானும்தான்" என்றார். "எழுதி அனுப்பினேனே, எப்படி வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னியா? நம்ம பக்குவம் இவளுக்கு இளக்காரமாப் போச்சுன்னு நினைச்சேன்." இரண்டு பேரும் அழுதோம். பிறகு சிரித்தோம். என் மகள் மட்டும், பை கருகிவிடுமோ என்று கவலையாக ஓவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்!

இதோ, விட்டுப்போன வரிகளோடு சேர்த்து உங்களுக்குத் தருகிறேன்.

தேவையானவை (8 அங்குலத் தட்டுக்கு)

ஓட்டுக்கு: மைதா 150 கிராம், வெண்ணெய் 75 கிராம், சர்க்கரை 1 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, ஐஸ் தண்ணீர் 2 அல்லது 3 டேபிள் ஸ்பூன்.

உள்ளே வைக்க: வெல்லம் 200 கிராம், தண்ணீர் கால் கப், இனிப்பில்லாத கோகோ பவுடர் 25 கிராம், வெண்ணெய் 50 கிராம், முட்டை 2, மைதா 1 டேபிள் ஸ்பூன், முந்திரி 75 கிராம், வால்நட் 50 கிராம், வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை.

செய்முறை

காலையில்: வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, இரண்டு நிமிஷம் மட்டும் கொதிக்க விடுங்கள். கம்பிப் பதம் வேண்டாம். சூட்டோடு கோகோவைச் சலித்துப் போட்டுக் கட்டியில்லாமல் கலக்கி ஆற வையுங்கள். முட்டையின் வெள்ளைக்கரு 60 டிகிரி சூட்டைத் தாண்டினாலே கட்டிதட்ட ஆரம்பிக்கும். இறக்கின பாகோ 100 டிகிரிக்கும் மேல் இருக்கும். விரல் வைத்தால் சூடே தெரியக் கூடாது என்பதுதான் கணக்கு.

மைதா, உப்பு, சர்க்கரையோடு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயைத் துண்டு போட்டு, விரல் நுனியால் ரவை மாதிரி உதிருங்கள். உள்ளங்கை படக் கூடாது, சூட்டில் இளகிவிடும். ஐஸ் தண்ணீர் தெளித்துச் சேர்த்துப் பிடியுங்கள். சப்பாத்தி மாவு போல அடித்துப் பிசைய வேண்டாம். மூடி ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரமாவது வையுங்கள். ஊறாத மாவு ஓவனில் சுருங்கும்.

சாயங்காலம்: மாவை உருட்டித் தட்டில் பரத்தி, ஓரத்தை அழுத்தி, முள்கரண்டியால் அங்கங்கே குத்துங்கள். மேலே பட்டர் பேப்பர் விரித்துப் பழைய மொச்சையோ அரிசியோ கனத்துக்குப் போடுங்கள். முன்பே சூடாக்கிய ஓவனில் 190 டிகிரியில் 15 நிமிஷம். பேப்பரையும் மொச்சையையும் எடுத்துவிட்டு இன்னும் 5 நிமிஷம். வெறும் ஓட்டை முதலில் இப்படி வேகவைக்காவிட்டால் அடிப்பக்கம் கொழகொழவென்றாகிவிடும்.

பருப்புகளை லேசாக வறுத்து ஒன்றிரண்டாக உடையுங்கள். முட்டையை நுரைக்காமல் அடித்து, ஆறின பாகில் ஊற்றுங்கள். உருக்கி வெதுவெதுப்பாக்கின வெண்ணெய், மைதா, உப்பு, வெனிலா, கடைசியில் பருப்பு எல்லாம் சேர்த்து ஓட்டில் ஊற்றி, 170 டிகிரியில் 35 முதல் 40 நிமிஷம் வையுங்கள். ஓரம் கெட்டியாகி, தட்டை அசைத்தால் நடுப்பகுதி மட்டும் ஜெல்லி போல லேசாக ஆடும்போது எடுத்துவிடலாம். சூட்டோடு வெட்டாதீர்கள். மூன்று மணி நேரமாவது ஆறினால்தான் துண்டு நிற்கும்.

ஓவன் இல்லாதவர்கள் அருகிலுள்ள பேக்கரியில் கேட்டுப் பாருங்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டுக் கலவையைக் கொண்டுபோனால் சுட்டுத் தருவது பல ஊர்களில் உண்டு.

இளம் தாய்மார்களுக்கு

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பருப்பைத் துண்டாகக் கொடுக்காதீர்கள். தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அவர்களுக்கென்று பொடி செய்து போட்டு, சின்னதாக ஒன்று தனியாகச் சுட்டுவிடுங்கள். விருந்தாளிக் குழந்தைக்குக் கொடுக்குமுன், பருப்போ முட்டையோ ஒத்துக்கொள்ளுமா என்று அதன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தின்றதும் உதடு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

"வெல்லம்தானே" என்று சர்க்கரை நோய் உள்ளவர்களும் ஏமாற வேண்டாம். ரத்தத்தில் அதுவும் சர்க்கரையைத்தான் ஏற்றும். என் கணவருக்கு விரல் அகலத் துண்டு ஒன்றுதான்! (அதையும் இரண்டாக்கி மறைத்து வைத்து இரண்டு வேளை தின்பார். எனக்குத் தெரியாதென்று நினைப்பு.)

வீட்டு விஷயம் இன்னும் பேசி முடிந்தபாடில்லை. அது ஆண்கள் கணக்கு, ஆறட்டும். ஆனால் 2022-க்குப் பிறகு எந்தக் கிறிஸ்துமஸையும் நாங்கள் தனித்தனியாகக் கொண்டாடவில்லை. பை அக்கா பொறுப்பு, பிரியாணி என் பொறுப்பு. என் மகள் மட்டும் ஒரு நோட்டும் பென்சிலுமாக இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் மாமியார், நாத்தனார், ஓரகத்தி யாரிடமாவது ஒரு பக்குவம் இருக்கும். எழுதி வாங்கியதோடு நிற்காதீர்கள். ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். சரியாக வராவிட்டால் அக்கம்பக்கத்தில் சொல்லுமுன் அவர்களிடமே கேட்டுவிடுங்கள். நான் ஆறு வருஷம் கழித்துக் கேட்டேன். நீங்கள் அத்தனை நாள் காத்திருக்க வேண்டாம்.

அடுத்த இதழில் சந்திப்போமா?