தண்ணீருக்குள் ஆடியவளை ‘ஏஐ’ என்று சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முந்தாநாள் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரு படம் போட்டிருந்தேன். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஹோவர்ட் ஷாட்ஸ் தண்ணீருக்குள் எடுத்த ஒரு நடனப் பெண்ணின் படம். “சார், இது ஏஐ” என்றான் துபாயில் இருக்கும் மாணவன். “போட்டோஷாப் சார், மேலே இன்னொரு உருவம் தலைகீழாக ஒட்டியிருக்கிறது பாருங்கள்” என்றான் இன்னொருவன். என் மைத்துனர் அதற்கும் மேல்: “அத்தான், தண்ணியில யார் மிதந்தாலும் அழகாத்தான் இருக்கும். இதுல என்ன கலை?”

அந்தக் குழுவில் என் தங்கையின் பேத்தியும் இருக்கிறாள். ஏழு வருடமாகப் பரதம் கற்கிறாள். “தாத்தா, நான் கஷ்டப்பட்டு ஆடினாலும் ஏஐனுதான் சொல்லுவாங்களா?” என்று கேட்டாள். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் போட்டோஷாப் தம்பிக்கு. ஷாட்ஸின் ‘வாட்டர்டான்ஸ்’ புத்தகம் வந்தது 1995இல். கைப்பேசியில் கேமராவே இல்லாத காலம். மேலே தெரியும் அந்த உருவத்தை யாரும் ஒட்டவில்லை. கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பென்சிலைப் போட்டு அது வளைந்து தெரிவதை உனக்கு நான்தான் காட்டினேன். அதற்கு அடுத்த பாடம் முழு அக எதிரொளிப்பு. நீருக்கு அடியிலிருந்து சாய்வாக மேலே பார்த்தால், செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 49 டிகிரியைத் தாண்டியதும் அசையாத நீர்ப்பரப்பு முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். பரீட்சையில் படம் வரைந்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு, அதையே ஒருவர் கலையாக்கிக் காட்டினால் தெரியவில்லை!

இப்போது மைத்துனருக்கு. தண்ணீர் யாருக்கும் சும்மா உதவி செய்வதில்லை. நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் உடம்பு மேலே வந்துவிடும். கீழே நிற்க வேண்டுமானால், எடை எதுவும் கட்டிக்கொள்ளாதபோது, மூச்சை வெளியே விட்டாக வேண்டும். அதாவது, காற்று அதிகம் தேவைப்படும் நேரத்தில் அதைக் கொடுத்துவிட்டுத்தான் அவள் ஆட ஆரம்பிக்கிறாள். கிணற்றில் முங்கி எழுந்தவர்தானே நீங்கள்? மூச்சு முட்டும்போது முகம் எப்படிப் போகும் என்று தெரியாதா? இவள் முகத்தில் அது தெரியக் கூடாது, மூக்கிலிருந்து ஒரு குமிழிகூட வரக் கூடாது. காலை ஊன்றித் தள்ளத் தரை இல்லை. கையை இடப்பக்கம் வீசினால் உடம்பு வலப்பக்கம் திரும்பும். காற்றைப் போல ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியான ஒன்றுக்குள், விரல் நுனிவரை வடிவம் கலையாமல் வைத்திருக்க வேண்டும்.

பார்வையும் இல்லை. நம் கண்ணில் ஒளியைக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது முன்பக்கத்தில் உள்ள கார்னியா. வெறுங்கண்ணைத் தண்ணீருக்குள் திறந்தால் அந்தச் சக்தி அநேகமாகப் போய்விடும், எல்லாம் மங்கல்தான். கேமரா எங்கே என்றுகூடச் சரியாகத் தெரியாமல்தான் அவள் அதைப் பார்த்துச் சாந்தமாக இருக்கிறாள். ஷாட்ஸ் அடிப்படையில் விழித்திரை மருத்துவர். அவள் கண்ணுக்கு எதுவும் தெளிவாகத் தெரியாது என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்!

எல்லாவற்றையும் நான் கலை என்று சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்பு ஜோடியைக் குளத்தில் இறக்கி, பாவாடை விரிந்து மிதக்க எடுக்கும் படங்கள் துணிக்கடை விளம்பரம்தான். அமெரிக்காவில் புளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் நீரூற்றில் புரூஸ் மோசர்ட் என்பவர் 1938 முதல் எடுத்தவையும் சுற்றுலா விளம்பரங்களே. நீருக்கடியில் சமைக்கும் பெண்ணின் அடுப்பில் புகை வர டின் பாலைக் கரைத்துவிட்ட ஆசாமி! ஆனாலும் கேமராவுக்கு நீர் புகாத பெட்டியைத் தானே செய்துகொண்டார். வேடிக்கையைக்கூடத் தண்ணீரில் இறங்கித்தான் செய்தார்.

‘ஸ்டில் போட்டோவில் என்ன ஆட்டம் தெரியும்’ என்று கேட்பவர்கள் 2018இல் வந்த ‘ஆமா’ என்ற குறும்படத்தைப் பாருங்கள். பிரான்ஸைச் சேர்ந்த ஜூலி கோத்தியே, இத்தாலியில் 40 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள ஒய்-40 என்ற குளத்துக்குள் இறங்கி, மூச்சுக்கருவி இல்லாமல் ஆடியது. மூச்சடக்கிக் கடலில் முங்கும் ஜப்பானியப் பெண்களுக்குத்தான் ‘ஆமா’ என்று பெயர். அதில் ஓர் இடத்தில் அவர் காற்றை வெளியே விடுவார். மேலே நான் ‘குமிழி வரக் கூடாது’ என்றேனே, அந்தக் குமிழியையே அவர் அபிநயமாக்கிவிட்டார். மைத்துனர் இதற்கும் ‘மிதக்கிறது’ என்பாரானால் எனக்குப் பேச்சில்லை.

“இப்போ ஏஐ ரெண்டு நிமிஷத்துல இதேமாதிரி போட்டுத் தரும் சார்” என்கிறான் துபாய்க்காரன். தரட்டும். அந்தப் படத்தில் மூச்சடக்கியவர் யார் என்று அதனிடமே கேட்டுச் சொல்.

ஷாட்ஸ் படத்தை மறுபடியும் குழுவில் போடுகிறேன். பெரிதாக்கி, முகத்தைப் பாருங்கள், விரல்களைப் பாருங்கள், மேலே தெரியும் அந்தத் தலைகீழ் உருவத்தையும் பாருங்கள். அதன்பிறகு சண்டைக்கு வாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.